வலது கைப் பக்கம் வெள்ளைக் கட்டம்

மனைவி சூசை மேரியின் ஃபிரிட்ஜைப் பழைய பெட்ஷீட் போட்டு மூடச் சொன்னபோதே லூர்துநாதன் அந்த ஆட்களை வீட்டை விட்டு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. வீடு தேடி வந்தவர்களை எப்படிப் போகச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டார். அந்த ஒரு மரியாதைக்காக மனுஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். பூமாலை என்பவர் ஒரு நாளிதழின் விழுப்புரம் நிருபர். கூட வந்தவர் படம் எடுக்கிறவர். 2012 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து திண்டிவனத்து வீட்டுக்கு வந்து லூர்துநாதன் சட்டையைக் கழற்றுவதற்குள் வாசலில் பைக் வந்து நின்றது. அவர் செய்த செஸ் கம்ப்யூட்டரைப் பற்றி ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருக்கிறதாம். அதைப் பார்த்துவிட்டுச் சென்னை ஆங்கிலப் பேப்பர் ஒன்று நாலு வரி போட்டிருக்கிறதாம். “நம்ம ஊரு ஆள நாம விட்டுட முடியுமா சார்?” என்று பூமாலை சிரித்தார்.

படமெடுக்கிறவர் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். எதிரே ஃபிரிட்ஜ் நின்றது.

“அம்மா, அது ஃபிரேம்ல வருது. ஒரு துணி போட்டு மூடிடுங்களேன்.”

“ஏன்?”

“ஸ்டோரிக்கு செட் ஆவாதும்மா.”

சூசை மேரி பால்வாடி டீச்சர். முப்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவர். “என் சம்பளத்துல வாங்குன ஃபிரிட்ஜுங்க அது. அது இன்னா தப்பு பண்ணுச்சி, முக்காடு போட்டுக்கினு நிக்க?” என்று கேட்டார். கேட்டாரே தவிர, புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு பெட்ஷீட்டையும் எடுத்து வந்து கொடுத்தார்.

அடுத்து அந்த ஆள் செஸ் பலகையில் கை வைத்தார். ஜன்னல் வெளிச்சம் விழ வேண்டும் என்று பலகையைப் பக்கவாட்டில் திருப்பினார். திருப்பிய பலகையில் காய்களைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கினார். லூர்துநாதனுக்குப் பொறுக்கவில்லை. “சார், அப்படி வெக்கக் கூடாது. வெள்ளைக் கட்டம் வலது கைப் பக்கம் மூலைல வரணும். ராஜாவும் ராணியும் வேற எடம் மாறி இருக்கு.”

“அதெல்லாம் யாரு சார் பாக்கப் போறாங்க? இங்க பாத்து சிரிங்க.”

மறுநாள் பேப்பர் வந்தது. ‘தனி ஆளாய்ச் சாதித்த திண்டிவனம் ஏழை! லேப் உதவியாளர் மூளையில் உதித்த செஸ் கம்ப்யூட்டர்!’ கீழே கறுப்புக் கட்டம் வலது பக்கம் இருக்கும் பலகையைக் கட்டிக்கொண்டு லூர்துநாதன் அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார். செஸ் விளையாடத் தெரிந்த எந்தக் குழந்தை பார்த்தாலும் கைகொட்டிச் சிரிக்கும். போகட்டும், சிரித்தால் சிரிக்கட்டும். ஏழை என்று போட்டதைக்கூட சூசை மேரி ஒரு வாரம் திட்டிவிட்டு விட்டிருப்பார். ஆனால் ‘தனி ஆளாய்’ என்ற அந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை லூர்துநாதனால் விட முடியவில்லை. ஏனென்றால் அது பச்சைப் பொய். அது பொய் என்று பூமாலையிடம் முதல் நாளே மூன்று முறை சொல்லியிருந்தார்.

லூர்துநாதன் 1993ல் விழுப்புரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தவர். ஐ.டி.ஐ. படிப்பு. வயரும் ஈயமும் அவர் கை சொன்னபடி கேட்கும். வேலையை நிரந்தரம் ஆக்குகிறோம், ஆக்குகிறோம் என்று சொல்லியே பத்தொன்பது வருஷம் ஒப்பந்தத்தில் ஓட்டினார்கள். தினமும் காலை பாசஞ்சரில் திண்டிவனத்திலிருந்து போவார், சாயங்கால பாசஞ்சரில் திரும்புவார். அந்த ரயிலில்தான் செஸ் பிடித்துக்கொண்டது. சீசன் டிக்கெட்காரர்கள் நாலைந்து பேர் காந்தக் காய்கள் வைத்த சின்ன செட் ஒன்றை வைத்துக்கொண்டு ஆடுவார்கள். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் காய் நகராது.

அந்த ரயிலுக்கென்று ஒரு சட்டம் உண்டு. முண்டியம்பாக்கம் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். அடுத்தது விழுப்புரம், இறங்க வேண்டும். எந்தக் காய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு டைரியில் எழுதி, அடியில் ஆடிய இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் அதே நிலையிலிருந்து ஆட்டம் தொடரும். ஒரு கையெழுத்து மட்டும் இருந்தால் அந்த ஆட்டம் செல்லாது. முன்பு ஒரு முறை ஒருத்தர் தானே எழுதிவைத்துவிட்டு, சாயங்காலம் ஒரு குதிரையைக் கூடுதலாகக் கொண்டுவந்து நிறுத்தியதில், சண்டை சட்டைக் காலரைப் பிடிக்கும் அளவுக்குப் போனதிலிருந்து வந்த சட்டம் அது. லூர்துநாதன் அந்தச் சட்டத்தைப் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்தபடியாக மதித்தார்.

2008ல் மயிலம் ஸ்டேஷனில் சங்கவி ஏற ஆரம்பித்தாள். இருபத்துநாலு வயது. பக்கத்துக் கிராமம். அப்பா முருகையன் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவர். சங்கவி பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்து, விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடும் வேலை பார்த்தாள். கல்லூரி அணிக்காக மாவட்ட அளவில் செஸ் ஆடியவள் என்பதெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாது. முதல் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஆட்டத்தைப் பார்த்தாள். பேரணி ஸ்டேஷன் வரைக்கும் பொறுத்திருந்தாள். அதற்குமேல் முடியவில்லை.

“அண்ணா, உங்க ராணி போவப் போவுது.”

லூர்துநாதன் கேட்கவில்லை. விக்கிரவாண்டி வருவதற்குள் ராணி போயிற்று. மறுநாள் அவரே நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்.

காய்க்கு அடியில் காந்தம் இருக்கிறது, கட்டத்துக்கு அடியில் காந்தம் பட்டால் ஒட்டிக்கொள்ளும் சின்ன சுவிட்ச் ஒன்று வைத்தால், எந்தக் கட்டத்தில் காய் இருக்கிறது என்று பலகைக்கே தெரிந்துவிடும். இது லூர்துநாதனின் யோசனை. சென்னைக்குப் போய் அறுபத்துநாலு சுவிட்ச் வாங்கி வந்து, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று மாதம் ஈயம் வைத்தார். காய் வைத்தால் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். விளக்கு எரிவது செஸ் ஆடுவது ஆகாது. அதற்கு மூளை வேண்டும். “மூளைய நான் எழுதறேண்ணா” என்றாள் சங்கவி.

எழுதினாள். வாய்ச்சொல் இல்லை, நிஜமாகவே பென்சிலால் எழுதினாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பிரவுசிங் சென்டருக்குப் போக முருகையன் விடவில்லை. போனால் பேர், ஊர், போன் நம்பர் எல்லாம் நோட்டில் எழுதி வாங்குகிறான், கல்யாணம் பேசுகிற நேரத்தில் பெண் பேர் கண்ட இடத்தில் கிடக்கலாமா என்று கேட்டார். அதனால் லாங் சைஸ் நோட்டு வாங்கி, மயிலத்திலிருந்து விழுப்புரம் வரை போகும்போதும் வரும்போதும் மடியில் வைத்து புரோகிராம் எழுதினாள். சாயங்காலம் திண்டிவனத்தில் இறங்கியதும் லூர்துநாதன் நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போய் அதை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். அவருக்கு அதில் ஒரு வரியும் புரியாது. கம்ப்யூட்டர் தப்பு என்று சொன்னதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு காலையில் ரயிலில் கொடுப்பார். அவள் பார்த்துவிட்டு, “அண்ணா, பதினேழாவது லைன்ல புள்ளி கமா ஒண்ண முழுங்கிட்டீங்க” என்பாள். ஒன்றரை வருஷம். நாலு நோட்டு. தண்டவாளம் பிரியும் இடங்களில் எழுத்து குதித்துக் குதித்து ஓடியிருக்கும்.

தட்டி முடித்ததைப் பலகைக்குள் ஒரு சிப்பில் ஏற்றினார்கள், அப்படித்தான் அந்த மிஷின் ஆடக் கற்றது. முதல் ஆட்டத்தில் தன் ராஜாவையே வெட்டக் கொடுத்தது. ஆறு மாதத்தில் ரயில் பெட்டியில் சங்கவியைத் தவிர எல்லோரையும் தோற்கடித்தது. பாதி ஆட்டத்தில் நிறுத்தி நிலையை நினைவில் வைத்துக்கொள்ள அதில் ஒரு பட்டன் இருந்தது. அதற்கு முண்டியம்பாக்கம் என்றே பெயர் வைத்தார்கள்.

2010ல் வரைபடம், புரோகிராம் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை: செய்தவர்கள் பெயரை அழிக்கக் கூடாது. கணக்கு லூர்துநாதன் பேரில்தான் தொடங்கப்பட்டது. செய்தவர்கள் என்ற இடத்தில், ‘லூர்துநாதன், மற்றும் ஒரு சகபயணி’ என்று போட்டார்கள். சங்கவியே சொன்னதுதான் அது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேர் போட்டுக்கொள்ளலாம் என்றாள். போலந்தில் ஒரு பள்ளி வாத்தியார் அதைப் பார்த்துப் பலகை செய்தார். பிரேசிலில் ஒரு மாணவன், நாக்பூரில் ஒரு டீச்சர் என்று ஆள் சேர்ந்தது. தப்பைத் திருத்தி அனுப்பினார்கள். முண்டியம்பாக்கம் என்றால் என்ன என்று தெரியாமலே எல்லோரும் தங்கள் பலகையில் அந்தப் பேரை ஒட்டிக்கொண்டார்கள்.

2011ல் சங்கவிக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை மணிமாறனுக்குத் திண்டிவனத்தில் வேலை. இருந்தாலும் மயிலத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டார்கள், அவள் ரயில் மாறவில்லை. பெண்டாட்டி பேர் இன்டர்நெட்டில் வந்தால் மணிமாறனுக்கு என்ன? “போடச் சொல்லு, நானும் பாக்கறேன்” என்றான். 2012 ஜனவரியில் பொங்கல் முடிந்து வந்த முதல் நாள் சங்கவி சொன்னாள்: “அண்ணா, இப்ப பேரு போட்டுடுங்க.” லூர்துநாதன், “இந்த வாரமே போட்டுடறேம்மா” என்றார்.

போடவில்லை. ஒரு நாள் கரண்ட் இல்லை, ஒரு நாள் சென்டர் பூட்டியிருந்தது, ஒரு நாள் சும்மா சோம்பல். இப்படியே மூன்று வாரம் போயிற்று. அப்புறம் பைக்கில் பூமாலை வந்துவிட்டார்.

பேப்பர் வந்த திங்கட்கிழமை காலை, மயிலத்தில் வண்டி நின்றது. ஜன்னலோர இடத்தில் லூர்துநாதன் துண்டைப் போட்டு வைத்திருந்தார். சங்கவி ஏறவில்லை. எட்டிப் பார்த்தார். அவள் பிளாட்பாரத்தில் நேராக நடந்து, பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அந்தப் பெட்டியில் ஏறியதில்லை.

அந்த வாரம் லூர்துநாதன் லீவு போட்டுவிட்டு விழுப்புரத்தில் பேப்பர் ஆபீஸுக்குப் போனார். பூமாலை டீ வாங்கிக் கொடுத்தார்.

“சார், நான் சொன்னேன் இல்ல? புரோகிராம் பூரா சங்கவி எழுதுனது. பேர எழுதிக் குடுத்தேனே.”

“குடுத்தீங்க சார். ஆனா ஒரு ஸ்டோரிக்கு ஒரு ஆளுதான் இருக்கணும். ரெண்டு பேரு வந்தா படிக்கறவன் யாரப் பாப்பான்?”

“அதுக்குன்னு பொய் எழுதுவீங்களா?”

“பொய் எங்க சார்? நெட்ல பாத்தேன். அம்புட்டும் உங்க பேர்லதான் ஏத்தியிருக்கு. ஒரு பொண்ணு பேரு எங்கனா இருக்கா, காட்டுங்க.”

இருந்தால்தானே காட்டுவார்? தட்டியது இவர் கை, கணக்கு இவர் பேர். யார் போய்ப் பார்த்தாலும் பூமாலை சொன்னதுதான் தெரியும். லூர்துநாதன் டீயைப் பாதியில் கீழே வைத்தார். ஆனாலும் விடவில்லை. திருத்தம் போட்டால்தான் எழுந்திருப்பேன் என்று மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் உள்ளே இருந்து யாரோ, “ரெண்டு வரி போட்டு அனுப்பிடுய்யா, பேஜாரா இருக்கு” என்று கத்தினார்கள்.

போட்டார்கள். எட்டாம் பக்கத்தில், தொலைந்துபோன மார்க் ஷீட் விளம்பரத்துக்குக் கீழே. ‘செஸ் கம்ப்யூட்டர் கண்டுபிடித்த லூர்துநாதனுக்கு உதவியாக இருந்த பெண்ணின் பெயர் சங்கவி எனத் தெரியவந்துள்ளது.’

அன்று சாயங்காலம் விழுப்புரம் பிளாட்பாரத்தில் சங்கவியே அவரைத் தேடி வந்தாள். கையில் அந்தப் பேப்பர்.

“உதவியா? நான் உங்களுக்கு இன்னாண்ணா உதவி பண்ணேன்? ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் குடுத்தேனா?”

“அவனுங்க அப்படிப் போட்டுட்டானுங்கம்மா. நான் ஒழுங்காத்தான்...”

“அவங்கள வுடுங்க. எனக்குக் கோவம் அவங்க மேல இல்ல. பொங்கல் முடிஞ்சி சொன்னேன். பேரு போட எவ்ளோ நேரம் ஆவும்? நாலாயிரம் லைன் அடிக்கறதுக்கு டைம் இருந்துச்சி. ஒரு லைன் அடிக்க இல்லியா?”

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். அன்றே லூர்துநாதன் பிரவுசிங் சென்டருக்குப் போய் சகபயணியை எடுத்துவிட்டு சங்கவி என்று போட்டார். ஆனால் அதற்குள் மூன்று டிவிக்காரர்கள் பூமாலை எழுதியதை அப்படியே வாசித்துவிட்டார்கள். ‘தனி ஆளாய்’ ஊரெல்லாம் பரவிவிட்டது. இன்டர்நெட்டில் ஒரு மூலையில் இருக்கும் பேரை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

இதற்கு நடுவில் பாலிடெக்னிக் விழித்துக்கொண்டது. பத்தொன்பது வருஷமாக லூர்துநாதனை ‘ஏம்பா’ என்று கூப்பிட்ட தாளாளர் முத்துசாமி, முதல் முறையாக நாற்காலி போடச் சொன்னார். மார்ச் மாதம் பாராட்டு விழா. கேடயம், பொன்னாடை. அதோடு டெக்னிக்கல் சூப்பர்வைசர், நிரந்தரப் பணி. “நம்ம காலேஜ் கண்டுபிடிப்புன்னு பேட்டன்ட்டுக்குப் போடப் போறோம். மேடைல பிரஸ் முன்னாடி இதுல ஒரு கையெழுத்து போட்டுடு” என்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

லூர்துநாதன் படித்தார். ‘இக்கருவியின் ஒரே கண்டுபிடிப்பாளராகிய நான், கல்லூரிப் பணியின்போது உருவாக்கிய இதன் உரிமைகள் யாவற்றையும்...’ பணியின்போதாம். அந்தக் கல்லூரியில் ஒரு துண்டு வயர்கூட அவர் எடுத்ததில்லை. ஈயம் வைத்தது சொந்த வீட்டுக் கூடத்தில், மூளை எழுதியது இந்திய ரயில்வேயின் பெஞ்சில். உலகத்துக்கே பொது என்று கொடுத்த சாமானை இவர்கள் பீரோவில் வைத்துப் பூட்டப் போகிறார்களாம்! அவர் கண் காகிதத்தின் அடியில் போய் நின்றது. அங்கே ஒரே ஒரு கோடு இருந்தது.

“சார், இதுல ரெண்டு கையெழுத்துக்கு எடம் இல்லியே.”

“ரெண்டாவது யாரு?”

“சங்கவின்னு...”

“நம்ம காலேஜ் ஸ்டாஃபா?”

“இல்ல சார்.”

“அப்ப வுடு.”

வீட்டுக்கு வந்து சூசை மேரியிடம் சொன்னார். நிரந்தரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த அம்மாள் ஒரு நிமிஷம் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அதற்காக எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார் என்று மாதாவுக்குத்தான் தெரியும். பிறகு கேட்டார்: “கையெழுத்து போட்டா அந்தப் பொண்ணு மூஞ்சியில முழிப்பியா நீ?” லூர்துநாதன் தலையை ஆட்டினார். முடியாது என்று. “அப்ப எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கற?” என்று கரண்டியை எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மயிலத்தில் வண்டி நின்றபோது லூர்துநாதன் இறங்கிப்போய், பெண்கள் பெட்டியின் வாசலில் நின்று சொன்னார்: “விழாவுக்கு வாம்மா. நாலு நோட்டையும் எடுத்துக்கினு வா.” சங்கவி, “அந்த ஷாலப் பாக்கறதுக்கா? வரலண்ணா” என்றாள். வண்டி ஊதியது. அவர் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

விழா நாளன்று மேடையில் பலகையை வைத்திருந்தார்கள். பலகையின் ஒரு பக்கத்தில் கல்லூரியின் பெயரைப் பெரிதாக ஸ்டிக்கர் அடித்து ஒட்டியிருந்தார்கள். அந்தப் பெயர் கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்று பலகையையே பக்கவாட்டில் திருப்பிவிட்டு, அதன்மேல் காய்களையும் அடுக்கிவிட்டார்கள். மறுபடியும் வலது கைப் பக்கம் கறுப்புக் கட்டம். மேடையில் இருந்த ஒருத்தருக்காவது அது உறுத்தியதா? இல்லை. கண்டுபிடிப்பு எங்களுடையது என்று சொல்லத் தெரிந்த கூட்டத்துக்குப் பலகையை எப்படி வைப்பது என்று தெரியவில்லை.

சிறப்பு விருந்தினர் சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு மின்னியது. கீச் கீச்சென்று சத்தம். காய்கள் இருக்க வேண்டிய கட்டத்தில் இல்லை என்று மிஷின் கதறுகிறது. அதைச் சொல்லும் சின்னத் திரை மேடையின் படுதாவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. துறைத்தலைவர் ஓடிவந்து வயரைப் பிடுங்கிச் செருகினார். மறுபடியும் கீச் கீச். தாளாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, “இன்னாய்யா இது? ஜல்தியா சரி பண்ணு” என்றார்.

லூர்துநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண் கூட்டத்தை அளந்துகொண்டே போயிற்று. கடைசி வரிசையில் மணிமாறனும் பக்கத்தில் சங்கவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் நாலு நோட்டு. அவர் மைக்கைப் பிடித்தார்.

“மிஷின் மேல தப்பு இல்லீங்க. இதுக்கு மூளைய எழுதுனவங்க அதோ கடைசியில உக்காந்துக்கினு இருக்காங்க. அவங்கள வந்து பாக்கச் சொல்லுங்க.”

எல்லாத் தலையும் திரும்பியது. சங்கவி எழுந்தாள். மேடை வரை வருவதற்கு ரொம்ப நேரம் ஆனதுபோல் லூர்துநாதனுக்குத் தோன்றியது. வந்தாள், காய்களை அள்ளி ஓரமாக வைத்தாள், குனிந்து பலகையைத் திருப்பினாள், ராஜாவையும் ராணியையும் அதனதன் இடத்தில் வைத்தாள். சத்தம் நின்றது. விருந்தினர் சிப்பாயை நகர்த்த, மிஷின் பதிலுக்கு ஒரு குதிரையை நகர்த்தச் சொல்லி விளக்குக் காட்டியது. கூடம் கைதட்டியது. பூமாலை உட்பட எல்லாப் பேப்பர்காரர்களும் படம் எடுத்தார்கள்.

அந்தச் சூட்டோடு தாளாளர் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். லூர்துநாதன் பேனாவை வாங்கினார். ‘ஒரே’ என்ற சொல்லை அடித்தார். கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு இழுத்தார். சங்கவியைப் பார்த்து, “இதுக்கு நீ சரின்னா நானும் போடறேன். வேணாம்னா வேணாம்” என்றார்.

சங்கவி காகிதத்தை நின்ற இடத்திலேயே முழுசாகப் படித்தாள். “இது எல்லாருக்கும் குடுத்ததுண்ணா. இப்ப ஒருத்தருக்கு எப்படி எழுதித் தர்றது?” என்றாள். தாளாளர் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் நாட்டுப்பண் பாடி விழாவை முடித்துவிட்டார்கள்.

இனிமேலாவது உண்மை வெளியே வந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? மறுநாள் பேப்பரில் பெரிய படம். தாளாளர், விருந்தினர், நடுவில் குனிந்து பலகையைத் திருப்பும் சங்கவி. அடியில் எழுதியிருந்தது: ‘பாராட்டு விழாவில் செஸ் கம்ப்யூட்டரைத் துடைக்கும் பெண் ஊழியர்.’

மணிமாறன் அந்தப் பேப்பரைக் கிழித்தான். சூசை மேரி பூமாலையின் வம்சத்தையே வாயில் போட்டு மென்றார். மறுநாள் மயிலத்தில் சங்கவி நோட்டுகளோடு பொதுப் பெட்டியில் ஏறியதும் லூர்துநாதன், “பேப்பர்ல திருத்தம் கேக்கப் போறதில்ல. நாம மிஷின்லயே எழுதுவோம்” என்றார்.

எழுதினார்கள். நாலு நோட்டின் பக்கங்களையும் படம் பிடித்து, குதித்து ஓடும் பென்சில் எழுத்தோடு அப்படியே இன்டர்நெட்டில் ஏற்றினார்கள். நடந்ததை லூர்துநாதன் ஒளிக்காமல் எழுதினார், தன் சோம்பலையும் சேர்த்து. புரோகிராமில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியை மட்டும் அவர் சங்கவியையே தட்டச் சொன்னார். இப்போது அவளுக்குப் பிரவுசிங் சென்டர் நோட்டில் பேர் எழுத யார் அனுமதியும் தேவைப்படவில்லை. அதன் பிறகு சுவிட்சைப் போட்டதும் சின்னத் திரையில் முதலில் ஆங்கில எழுத்தில் சங்கவி என்று வரும், அடுத்த வரியில் லூர்துநாதன். மேலே ஒன்று, கீழே ஒன்று, டைரியில் கையெழுத்து இருக்கிற மாதிரி. போலந்துக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் தன் பள்ளிப் பலகைகளில் எல்லாம் புதிய புரோகிராமை ஏற்றினார். நாக்பூர், பிரேசில், பேர் தெரியாத ஊர்கள், எல்லா இடத்திலும் ஏறியது.

ஜூனில் பாலிடெக்னிக் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு டீ பார்ட்டிகூட இல்லை. லூர்துநாதன் விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் சேர்ந்தார். ரயில் மட்டும் மாறவில்லை.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஒரு நாள் காலை, விக்கிரவாண்டி தாண்டும்போது அவர் போன் அடித்தது. எதிரே சங்கவி அவருடைய யானையை மடக்கி வைத்திருந்தாள். போனில் பூமாலை. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும் குரல்.

“சார், நல்லா இருக்கீங்களா? வெளிநாட்டுல ஏதோ பள்ளிக்கூடத்துல பசங்க ஆடற மிஷின்ல எல்லாம் சங்கவின்னு பேரு ஓடுதாம். இங்கிலீஷ் பேப்பர்ல போட்டோவோட வந்துருக்கு. நம்ம ஊரு பொண்ணாம். யாரு சார் அது? நம்பர் இருந்தா குடுங்களேன், ஒரு ஸ்டோரி பண்ணிடலாம்.”

யாரு சார் அது என்று கேட்கிறான்! லூர்துநாதனுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. வாயைத் திறப்பதற்குள் சங்கவி கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள்.

“நான் சங்கவிதான் பேசறேன். போன வருஷம் நீங்க தொடைக்கற பொண்ணுன்னு போட்டீங்களே, அவதான். வாங்க, பேசலாம். வர்றதுக்கு முன்னாடி நாலு நோட்டும் நெட்ல கிடக்குது, படிச்சிட்டு வாங்க. கூட வர்ற போட்டோக்காரருக்கு ஒண்ணு சொல்லிடுங்க. வெள்ளைக் கட்டம் வலது கைப் பக்கம். அத சரியா வெச்சிக் காட்டட்டும், அப்பறம்தான் பேட்டி.”

போனை அவரிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முண்டியம்பாக்கம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. லூர்துநாதன் டைரியை எடுத்துக் காய்களின் நிலையை எழுதினார். அடியில் தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்துவிட்டுத்தான் போட்டாள்.